அவருக்கு மறந்துபோன இரண்டு வருடம்

...தாடியை மட்டும்தான், மீசையில் கைவைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார், அதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, கல்யாணத்தன்று என் தங்கை அந்த மீசையைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது, வீட்டுச் சாவியை எந்த ஆணியில் மாட்டுவோம் என்பது ஞாபகம் இருக்கிறது, அந்தச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நான் அம்மா வீட்டுக்குப் போய்ப் பதினான்கு மாதமாகிறது என்பது மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளிக் கொடுக்கிறார், பழைய பழக்கம். நுரை காதோரம் வழிகிறது. கத்தி பிசகக் கூடாது, நாளெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கை என்னுடையது, மயிரிழை பிசகினால் லென்ஸ் குப்பைக்குப் போகும், இங்கே பிசகினால்... இவர் லிஃப்ட் மெக்கானிக், மூன்றாவது மாடியில் வேலையாக இருந்தபோது லிஃப்ட் தானாக நகர்ந்து குழிக்குள் தூக்கி எறிந்தது, பிழைத்ததே கர்த்தருடைய கிருபை என்றார் போதகர். உண்மைதான். ஆனால் கடைசி இரண்டு வருடத்தை அந்தக் குழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். "மெல்ல மெல்லச் சொல்லுங்க, ஒரேயடியா எதையும் தலையில போடாதீங்க" என்றார் டாக்டர். ஒன்பது நாளாகிறது. நான் மெல்லக்கூடச் சொல்லவில்லை.

"மூஞ்சியை ஏன் இப்படி உம்முனு வச்சிருக்க?" என்கிறார். ஒண்ணுமில்லங்க, தலையை ஆட்டாதீங்க. "ஞாயித்துக்கிழமைக்குள்ள விட்ருவாங்களா? ஆராதனைக்கு ஒண்ணாப் போகலாம்." ஒண்ணா... ஒன்றாக உட்கார முடியாமல்தானே எல்லாம். ஒரு அடுக்குமாடியில் லிஃப்டைத் தாங்கும் இரும்பு வடம் நைந்திருந்தது, தெரிந்தே இவர் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், சூப்பர்வைசர் போடச் சொன்னாராம், புது வடம் அடுத்த மாதம் வருமாம். வடமா காத்திருக்கும்? பன்னிரண்டாம் நாள் லிஃப்ட் ஒரு மாடி கீழே விழுந்தது, உள்ளே இருந்தது எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர், இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது. அப்புறம் வாராவாரம் எங்களுக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு உட்காருவார், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார், பாவம், ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கிற ஜெபம் வரும்போது பக்கத்தில் இவர் உதடு அசையும், நான் அந்த ஊன்றுகோலையே பார்ப்பேன். "யாரும் கேக்கல, நீ மட்டும் ஏன் நோண்டுற?" என்றார் அப்போது. கர்த்தர் பார்க்கவில்லையா என்றேன். "வேலை போச்சுன்னா அவரா வந்து வேற வேலை குடுப்பாரு?" அன்றைக்குச் சாவியை வைத்தவள்தான்... அந்த மனிதரா இந்த மனிதர்? கழுத்தை நிமிர்த்தி, கத்திக்கு நேராக, கண்ணை மூடிக்கொண்டு, இப்படியா ஒருத்தியை நம்புவது.

விழுந்த அன்றைக்கு, விழுவதற்கு முன்னால், மூன்று தடவை கூப்பிட்டார். கூப்பிடட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன், வேலையாக இருந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னது பொய், வீம்பு. குரல் பதிவு ஒன்று வந்திருந்தது, ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்று ஒரே ஒரு தடவை கேட்டேன், யாரிடமும் சொல்லவில்லை, போதகரிடம்கூட. சூப்பர்வைசரிடம் எதையோ சொல்லிவிட்டதாக அதில் இருக்கிறது. சொன்ன அன்றைக்கே விழுவாரா? மெயின் சுவிட்சை நிறுத்தாமல் குழிக்குள் தலை நீட்டாத ஆள்...

இதோ வருகிறார் சூப்பர்வைசர், பழப் பையோடு, தினம் வருகிறார், தினம் அதே கேள்வி. "தம்பி, ஏதாச்சும் ஞாபகம் வந்துச்சா?" இல்லண்ணே என்றால் அவர் மூச்சு சீராவதை இரண்டாம் நாளே பார்த்துவிட்டேன். இன்று கையில் ஒரு உறை. "சும்மா ஒரு சம்பிரதாயம்தான் தங்கச்சி." அவர் உருவி நீட்டிய காகிதத்தைத் தலைகீழாகவே படித்தேன்: மெயின் சுவிட்சை நிறுத்தாதது என்னுடைய கவனக்குறைவு. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று இவர் பேனாவை வாங்கிவிட்டார், பாதி முகம் நுரையோடு, சொன்ன இடத்தில் கையெழுத்து, மறுபடியுமா...

"போடாதீங்க."

என் குரல்தானா அது? "தங்கச்சி, அவரைப் பதட்டப்படுத்தாதீங்க, டாக்டர் என்ன சொல்லியிருக்காரு?" என்கிறார் சூப்பர்வைசர். "அன்னைக்குச் சுவிட்ச் பக்கத்துல யாருண்ணே இருந்தா?" கேட்டுவிட்டேன். "என்னம்மா கேள்வி இது..." காகிதத்தை நாலாக மடிக்கிறார், மடிப்பு கோணலாகப் போகிறது, அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமலே போகிறார். எனக்குப் பயம் அவரிடம் இல்லை. இவரிடம்தான், இந்தக் கண்ணிடம்தான், இது கேட்கப்போகிறது, கேட்டேவிட்டது. "ஏய், என்ன நடக்குது? நான் என்ன தப்புப் பண்ணேன்?" ஒன்பது நாளும் இவருக்கு ஞாபகம் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டது அந்த ஆள் மட்டுமா? தினம் காலையில் இவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று... இதற்கு என்ன பெயர் வைப்பது, டீச்சரிடம் சொல்லாமல் இவர் வாயை மூடியதற்கு மட்டும் பாவம் என்று பெயர் வைத்தேனே.

டீச்சரில் ஆரம்பித்துச் சாவி வரைக்கும் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். நுரை காய்ந்து இழுத்தது, துடைக்கவில்லை அவர். பிறகு போனை எடுத்து அழுத்தினேன். அவர் குரல்: "நான்தான். நாளைக்குக் காலையில டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லிட்டேன், காச்மூச்னு கத்துறாரு, கத்தட்டும். தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. நீ கூட வர்றியா?"

யாரோ ஒரு நல்ல மனிதரைப் பற்றிக் கேட்டவர்போல போனைப் பார்த்தார். அழவில்லை, மறுக்கவில்லை. அப்புறம் மெதுவாக, குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறவர்போலக் கேட்டார்.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

பதினான்கு மாதமாகப் பதில் சொல்ல வேண்டியவர் இவர் என்றுதானே இருந்தேன்...