பூட்டிய நிரலில் ஒரு கதவு

"எலே சபரி, என்ன வேலைலே பாத்து வச்சிருக்க?"

ஸ்ரீகலாவின் குரலில் குன்னத்துகால் மாடியறையே குலுங்கியது. வாய் நிறைய மரச்சீனிக் கிழங்கோடு திரும்பினான் தம்பி சபரிநாதன்.

ரப்பர் பாலை எடைபோட்டு, மலையாளத்திலும் தமிழிலும் ரசீது அடிக்கும் மென்பொருள் அவளுடையது. எழுத்துகளை அச்சுக்கு அடுக்கித் தரும் வேலையை மட்டும், யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று எவரோ பொதுவில் விட்ட ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி என்ற நிரல்தொகுப்பு பார்த்தது. அவள் மென்பொருளை வாங்கவிருந்த திருவனந்தபுரம் கம்பெனியின் வக்கீல் சற்றுமுன் போனில் குண்டு போட்டார். லைப்ரரி மென்பொருளுக்குள்ளேயே கலந்து கிடக்கிறது. லைப்ரரியின் உரிமத்துக்கு அது ஒத்துவராது; இப்படியே விற்றால் அவள் நிரலையும் திறந்து காட்ட நேரலாம். சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் ரத்து!

"நம்ம மெஷின் ஓடுற வெள்ளறடை மலைப்பக்கம் நெட் கிடையாதுக்கா. பென்டிரைவில கொண்டுபோக ஒத்த ஃபைலா இருக்கட்டும்னு சேத்துக் கட்டினேன். சௌகரியமாக்கும்!"

"உனக்க சௌகரியத்துக்கு நான் எழுதினதையெல்லாம் ஊருக்குத் திறந்து காட்டணுமோ?"

இதுவரை படிக்காமலே தாண்டிப்போன உரிமத்தைத் திறந்தாள். வரிவரியாக இறங்கிய விரல் ஓரிடத்தில் நின்றது.

உன் நிரல் உன்னுடையது, பூட்டி வைத்துக்கொள். என் லைப்ரரியை மட்டும் தனியாக வை. உன்னிடம் வாங்குகிறவர் அதைத் திருத்தி மாற்றிக்கொள்ள வழிவிடு. சாரம் இதுதான்.

"இவ்வளவுதானாலே இந்த உரிமம் கேக்குது!"

சபரி லைப்ரரியைத் தனி ஃபைலாகப் பிரித்தான். உரிமத்தின் நகலை அவள் கூடவே வைத்தாள். மறுபடி போன்.

"மாத்தலாம்னு சொன்னா போதாது," என்றார் வக்கீல். "மாத்திக் காட்டணும்."

எந்த நாட்டிலோ எவரோ திருத்திய, லைப்ரரியின் புதிய பதிப்பை இறக்கினாள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். தன் நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

பிரிண்டர் உறுமியது.

பெருங்கடவிளை விவசாயிகள், "எங்க பேரைக் கழுத்தறுத்துப் போட்டிருக்கியே" என்று கேலிபேசிய மலையாளக் கூட்டெழுத்துகள், சிதையாமல் முழுசாக வந்து விழுந்தன! மாதக்கணக்கில் முட்டிமோதியும் அவளால் தீர்க்க முடியாத பிழை.

"அக்கா, நான் அனுப்பின ரசீதைப் பாத்து வக்கீல் ஓகே சொல்லியாச்சு! வெள்ளறடையில ஓடுற மெஷின்லயும் மாத்தணும்லா, போயிட்டு வாறேன்!"

ஸ்ரீகலா ரசீதைக் கையில் எடுத்து மறுபடி படித்தாள். பூட்டிய வீட்டில் விட்டுவைத்த ஒரே கதவு வழியாக முகமறியாத ஒருவர் வந்து, விளக்கேற்றிவிட்டு, வேறெதையும் தொடாமல் போயிருக்கிறார்.

"நில்லுலே மக்கா. நாளைக்கு நாம கடையைச் சாத்திட்டுப் போனாலும், வாங்கினவன் கைகட்டி நிக்கப்பிடாதுன்னு இந்த உரிமத்தை எழுதினவங்க எங்கேயோ இருந்து யோசிச்சிருக்காங்க. நம்ம மூஞ்சியைக்கூடப் பாத்ததில்ல... யாருலே இவங்க?"