வேடியப்பனின் எழுபத்தொரு ரவுண்டு

எங்கள் பக்கத்தில் பேஸ்பால் ஆடிச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் வேடியப்பன்தான். கல்வராயன் மலையடிவாரத்தில், சோளக்கொல்லையில் கிளி விரட்டக் கல்லெறிந்த கை. மெட்ராஸ் டயர் கம்பெனி ஒன்று அவனை வேலைக்கு எடுத்து, டயர் பக்கமே விடாமல் ஆட வைத்தது. அவன் அப்பா பிச்சைமுத்துவுக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. "பந்து வெளாட எவன்டா சம்பளம் குடுப்பான்?"

எண்பத்தேழு செப்டம்பரில் மட்டையோடு லீவுக்கு வந்தான். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த வாரம். தியாகதுருகத்துக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது, பஸ் நின்றுவிட்டது. அங்கே வந்த இன்ஸ்பெக்டரின் கண் நேராக அவன் மட்டைக்குப் போனது.

"இன்னாய்யா இது?"

"பேஸ்பால் மட்டைங்க."

"ஒலக்கை மாதிரி இருக்குது. யார் மண்டைக்கு?"

வேடியப்பன் விளக்கினான். பந்தை அடிக்கணும், நாலு மூலையும் சுத்திக் கெளம்புன எடத்துக்கே வரணும்.

"கெளம்புன எடத்துக்கே வர எதுக்குய்யா ஓடணும்? ஆடிக் காட்டு."

நாலு மூலைக்கு நாலு செருப்பு வைத்தார்கள். பஸ்ஸில் வந்த ஜவுளிக்கடை பக்கீர் முகமது பாய் பந்து போட்டார். மறியல்காரர்கள் பிடிக்க நின்றார்கள். வேடியப்பன் அடித்த அடியில் பந்து கரும்புக்கொல்லைக்குள் போய் விழுந்தது. ஒரு சுற்று ஓடி வந்து நின்றான்.

"ஏன் நின்னுட்ட?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒரு சுற்றோடு ஆட்டம் முடிந்தது என்றால் மனிதர் நம்புவாரா? பயத்தில் உளறிவிட்டான். "பந்து கெடைக்கிற வரைக்கும் ஓடணுங்க."

"அப்ப ஓடு."

பந்து தேடப் போனவர்கள் கரும்பு கடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பாய் எண்ணிக்கொண்டிருந்தார். எழுபத்தோராவது ரவுண்டில் வேடியப்பன் செருப்பின் மேலேயே படுத்துவிட்டான். "இவனால ஒருத்தனையும் அடிக்க முடியாது, வுடுங்க" என்று இன்ஸ்பெக்டர் மட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஆட்டம் ஊர் ஊராகப் பரவியது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு அங்கே வந்த கோச், ஒரு அடிக்கு ஒரு சுற்றுதான் என்றார். பள்ளிக்கூட டீம் கேப்டன் ரம்யா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ஆட்டம் தெரியாதவர் என்று பிள்ளைகள் முடிவு கட்டினார்கள். கடைசியில் ரிட்டயராகி வீட்டிலிருந்த வேடியப்பனையே கூட்டி வந்தார் கோச்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க."

வேடியப்பன் பிள்ளைகளைப் பார்த்தார். ரம்யா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பந்து கெடைக்கிற வரைக்கும்தாங்க" என்றார்.