ஹானுக்கு ஒரு நன்றியுரை

தாமோதரன் பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரமாகியும் வியட்நாம் கடற்கரையில் பாதிகூடத் தாண்டவில்லை. ஒரு மாதம் ரயிலும் பஸ்ஸுமாகக் கடலை ஒட்டியே வடக்கிலிருந்து தெற்கு வரை மனைவியோடு போய் வந்தவர். போதாததற்குக் கேரளத்துப் பையனூர் வாசகசாலையின் தலைவரும் அவர்தான். ஆண்டு விழாவில் அவரை யார் நிறுத்துவது?

மேடை ஓரத்தில் அவர் மனைவி ரோஹிணி உட்கார்ந்திருந்தாள். செயலாளர் பிரஜீஷ் நன்றியுரையை அவள் தலையில் கட்டியிருந்தான். அந்த வட்டாரத்தில் நன்றியுரை இல்லாமல் எந்தக் கூட்டமும் முடியாது, அதை யாரும் காது கொடுத்துக் கேட்பதும் கிடையாது. டீயும் பருப்புவடையும் இருக்கிற பக்கம் ஜனங்கள் நகரும்போது பின்னால் ஒலிக்கிற சத்தம், அவ்வளவுதான்.

ரோஹிணிக்கு அதில் வருத்தமில்லை. இந்த மனுஷன் ஹானைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்வாரா என்பதுதான் அவள் கவலை. ஊர் திரும்பியதிலிருந்து அவர் அந்தப் பெயரையே எடுக்கவில்லை.

தெற்கே ஒரு மீன்பிடி ஊரில் நடந்தது அது. சிப்பி விற்ற கடைக்காரன் அடுப்பைக் காட்டி, வேகட்டும், பொறு என்று சைகை செய்தான். தாமோதரன் கேட்டால்தானே? "நம்ம ஊர்ச் சிப்பி, கல்லும்மக்காய் தின்னு வளர்ந்த வயிறுடி இது. எனக்கே சொல்லித் தரானா?" என்று சிப்பியைப் பச்சையாகவே விழுங்கினார். பொழுது சாய்வதற்குள் இரண்டு வழியாகவும் பிடுங்கிக்கொண்டது. கூடவே காய்ச்சல், பிதற்றல். தங்கியிருந்த விடுதியை நடத்திய ஹான்தான் வைத்தியரைக் கூட்டி வந்தாள், கஞ்சி காய்ச்சினாள், முகம் சுளிக்காமல் அவர் வேட்டியை அலசிப் போட்டாள்.

"அந்த ஊர்ல சில நாள் தங்கி, ஜனங்க வாழ்க்கையை ஆராய்ஞ்சேன்" என்றார், ஒரு வழியாகப் பேச்சில் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த தாமோதரன், மைக்கில்.

ரோஹிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க ஆராய்ஞ்சார், கக்கூஸ்லயா?" என்று முணுமுணுத்தாள். பக்கத்திலிருந்த பிரஜீஷுக்கு இருமல் வந்துவிட்டது.

அவர் பேச்சும் கைதட்டலும் முடிந்தன. அவள் எழுந்தாள். எதிரே நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"எங்க தாமுவேட்டனோட நாறின வேட்டியைத் துவைச்சுப் போட்ட ஹானுக்கு முதல் நன்றி."

கிறீச்சிட்ட நாற்காலிகள் அப்படியே நின்றன.

"வேட்டிக்கு என்ன வந்தது ரோஹிணியேச்சி?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"கல்லும்மக்காய் வயிறு கவுத்து விட்டுடுச்சு!"

கூரை அதிரச் சிரித்தார்கள். தாமோதரன் முகம் செத்துவிட்டது. ரோஹிணி நிறுத்தவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது.

"அவ இல்லேன்னா நான் தனியாத்தான் திரும்பியிருப்பேன். கிளம்புறப்ப அவ கையைப் பிடிச்சு அழுதேன். நன்றின்னு அவ பாஷையில சொன்னது அவளுக்குப் புரிஞ்சுதோ இல்லையோ. அதான் இங்க, நம்ம பாஷையில, எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாமோதரன் எழுந்தார். நன்றியுரைக்குப் பிறகு யாரும் பேசக் கூடாது என்று இத்தனை வருஷமும் எல்லாரையும் மிரட்டி வைத்திருப்பவர் அவர். வீட்டுக்குப் போய் என்ன பாட்டு வாங்கப் போகிறோமோ என்று அவளுக்குத் திக்கென்றது.

"ஒண்ணு விட்டுப் போச்சு" என்றார். "ரோஹிணிக்கும் தெரியாது. அவ மருந்து வாங்கப் போயிருந்தா. ஹான் கஞ்சி ஊட்டினா, நான் துப்பினேன். தொடைச்சுட்டு மறுபடி ஊட்டினா. அவளுக்கு என் மக வயசுகூட இருக்காது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. 'அம்மே'ன்னு கூப்பிட்டேன்."

மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"'ம்'னு பதில் சொன்னா அவ."