காகம் தின்னும்வரை

ஏணியின் மூன்றாம் படியில் நின்றுகொண்டு ரஞ்சினி கூட்டுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். வெறும் இறகுதான் தட்டுப்பட்டது. காலையில் நாலு குஞ்சு வாயைப் பிளந்து கத்திய கூடு. விரதச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு கண் அயர்ந்து எழும்புவதற்குள் துடைத்து எடுத்தாயிற்று. போன சனிக்கிழமையும் இப்படித்தான் பக்கத்துக் கூடு காலியானது. "நாசமாப் போன பூனை," என்று வாய்விட்டே திட்டினாள். தாய்க் குருவியும் தகப்பனும் அவளுடைய தலைக்கு மேலால் சுற்றிச் சுற்றிக் கீச்சிட்டன.

டார்னெய்ட் புறநகரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த மறுவருடம், பின் விறாந்தைக் கூரை வளையில் ஒரு சோடிப் பறவை சேறு கொண்டுவந்து அப்பத் தொடங்கியது. சுவாலோ என்று பேர் சொன்னார்கள். ரஞ்சினிக்கு அவை சும்மா குருவியள். "எச்சமெல்லாம் கதிரையிலை விழுது, ஹோசாலை அடிச்சுக் கழுவிவிடட்டே?" என்று கேட்ட புருசன் சிறியை அவள் பார்த்த பார்வையில், இருபது வருடம் பஸ் ஓட்டி எத்தனையோ சண்டைக்காரரைக் கண்ட அந்த மனுசன் ஹோசைச் சுருட்டி வைத்துவிட்டார். கதிரைகள்தான் இடம் மாறின. அடுத்த வருடம் இரண்டு கூடு, இந்த வருடம் மூன்று. ரஞ்சினி ஒன்றைப் பிடித்தால் லேசில் விடுகிற ஆளா? பூனை ஏறாமலிருக்கப் பால்மா ரின்களை வெட்டி விரித்துத் தூண்களில் சுற்றி ஆணி அடித்தாள். மைனாக்கள் கூட்டைப் பிடிக்க வந்தபோது வளை ஓரமாக முழ நீளத்துக்கு நைலோன் கயிறுகளைத் தொங்கவிட்டாள். மைனா மிரண்டது, குருவிகளோ கயிறுகளுக்கிடையால் வழுக்கிக்கொண்டு போய் வந்தன. ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை முடித்து வந்தால், சப்பாத்தைக் கழற்றமுதல் அவள் போய் நிற்பது அங்கேதான்.

இப்போது இரண்டு கூடு போய்விட்டது. மிச்சம் ஒன்று. அதற்குள்ளும் நாலு குஞ்சு. இன்னும் ஒரு கிழமை தாண்டினால் பறந்துவிடும்.

அடுத்த வீட்டுக் கலாவின் பூனையில்தான் அவளுக்குச் சந்தேகம். கலா கோயம்புத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் வேலை. போன கிழமையே ரஞ்சினி போய் நாலு சொல் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இன்றைக்கு ஏணியால் இறங்கிய வேகத்தில் மறுபடியும் போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நீங்க சொன்ன நாள்லேர்ந்து அத வெளியவே விடல," என்றாள் கலா. அவளுக்குப் பின்னால் பூனை ஜன்னல் கட்டையில் கொழுத்துப்போய்ப் படுத்துக் கிடந்தது. "கோவிச்சுக்காதீங்க. எங்க வேலி கேமரால உங்க வீடு கொஞ்சம் தெரியும். நீங்களே பாருங்க."

போனில் ரஞ்சினி தன்னையே கண்டாள். வாழையிலைத் துண்டில் சோறும் எள்ளும் கறியும் படைத்து, விறாந்தை மேசையில் வைத்து, "கா, கா" என்று கூப்பிடுகிறாள். காகம் வருகிறது. இந்த ஊர்க் காகம், கண் வெள்ளை. தின்கிறது. அவள் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறாள். காகம் போகவில்லை. தலையைச் சரித்து மேலே பார்க்கிறது. பிறகு கதிரையின் முதுகில் ஏறி, கயிறுகளைச் சொண்டால் விலக்கி...

"காணும், நிப்பாட்டுங்கோ."

"சனிக்கிழமைன்னா பத்து மணிக்கே வந்து வேலில உக்காந்துடுதுக்கா. நீங்க கூப்பிடணும்னுகூட இல்ல."

ரஞ்சினிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தூணுக்கெல்லாம் தகரம் அடித்துவிட்டு, கள்ளனைத் தானே கும்பிட்டு உள்ளே அழைத்திருக்கிறாளே! "உங்கடை பூனையைப் பேசினது என்ரை பிழை, கலா. மனசிலை வைச்சிருக்காதையுங்கோ," என்றாள்.

சிறி கேட்டுவிட்டுச் சிரித்தார். "காகத்தைக் கூப்பிட்டுப் பந்தி வைச்சுப்போட்டு, மரக்கறியோட எழும்பிப் போ எண்டால் அது கேக்குமே?"

அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. புரட்டாதிச் சனி அவளுக்கு விளையாட்டில்லை என்று அவருக்குத் தெரியும். தம்பி சுகிர்தனை வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் அடைத்து வைத்திருந்த வருடம் பிடிக்கத் தொடங்கிய விரதம். அவன் வெளியே வந்து சிட்னியில் வேலையும் செய்கிறான்; விசா மட்டும் இன்னும் இழுபடுகிறது. பதினொரு வருடம். காகம் தின்னாமல் அவள் ஒரு புரட்டாதிச் சனியும் வாயில் சோறு வைத்ததில்லை. ஒன்று பிசகினால் அவனுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தாள், அவ்வளவுதான்.

"கடைசிச் சனி ஒண்டுதானே மிச்சம்," என்றார் சிறி. "வேறை இடத்திலை வையுமன். நான் இஞ்சை காவலுக்கு நிக்கிறன்."

அடுத்த சனி குளித்து, சமைத்து, எள்ளெண்ணெய் விளக்கேற்றி, இலையைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கார் எடுத்தாள். புல்லில் வைத்துக் கூப்பிட்டாள். நாயோடு ஓடி வந்த பெண் ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள். காகம் வரவில்லை. கடற்புறாக்கள் வந்தன, ஒரு பட்டாளம். துரத்தித் துரத்திப் பாதிச் சோற்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. இரண்டு மணியும் ஆயிற்று. விடியத் தொட்டுத் தண்ணி மட்டும்தான், தலை சுற்றியது.

போன் அடித்தது. "இஞ்சாரும், உம்மடை ஆள் இஞ்சை வேலியிலை இருக்கிறார். மூண்டு தரம் கலைச்சுப்போட்டன், போறாரில்லை. எனக்கு ஷிப்ட், வெளிக்கிட வேணும்."

"நில்லுங்கோ, வாறன்."

அவள் தட்டோடு வந்து இறங்க, சிறி கூட்டுகிற தும்புத்தடியை நீட்டினார். "பேசாமல் இண்டைக்கு மட்டும் இதுக்கே வைச்சிட்டுச் சாப்பிடும். முகம் வெளிறிப்போய் நிக்கிறீர்."

"வைச்சால் திண்டிட்டு மேலை பாக்கும்," என்றாள். "நீங்கள் போட்டு வாங்கோ."

கார் போய் மறைந்ததும் காகம் வேலியிலிருந்து மேசைக்கு இறங்கியது. பதினொரு வருடமாகக் கும்பிட்ட பறவை. அதற்குக் கொடுக்காமல் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். 'தம்பி, குறை நினையாதை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். காகம் தின்னாமல் அவள் தின்பதில்லை, அது மாறாது. காகம் இந்த விறாந்தையில் இனித் தின்னப் போவதில்லை, அதுவும் மாறாது. பசிதானே, கிடக்கட்டும்.

"சூ!" என்றாள். பிறந்ததிலிருந்து ஒரு காகத்தைப் பார்த்து அவள் சொல்லாத சொல். தும்புத்தடி மேசையில் விழுந்த சத்தத்துக்கு அது எழும்பி மறுபடி வேலியில் போய் இருந்தது. வெள்ளைக் கண்ணால் அவளையே பார்த்தது.

ரஞ்சினி கதிரையை இழுத்துக் கூட்டுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள். மேலே ஒரு குஞ்சு விளிம்பில் ஏறி நின்று சிறகை விரித்துப் பார்த்தது. அவள் ஆறிப்போன சோற்றுத் தட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, தும்புத்தடியை இறுக்கிப் பிடித்தாள்.