மஞ்சள் வளையம் போட்ட மரங்கள்

"அரே சார், இது உல்டா!" என்றாள் மாரீஸ்வரி.

பம்பாயில், செம்பூர் ஆபீஸில் அப்போது நாங்கள் இருவர்தான். மானசாவின் நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தேன். மானசா என் மனைவி. ஜூலையில் டெங்குவில் போனாள். மலைக்காடுகளை மீட்கும் இந்தச் சிறிய நிறுவனத்தில்தான் வேலை பார்த்தாள். மாரீஸ்வரி தாராவிப் பெண், இரண்டு வருடம் மானசாவோடு மலையேறியவள். ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். அவள் கையில் நான் டைப் செய்து கொடுத்த பட்டியல் இருந்தது.

"எது உல்டா?"

"தலைப்பப் பாருங்க. வெட்ட வேண்டிய மரங்கள்னு போட்டிருக்கீய. இதெல்லாம் விடுற மரம்லா! மஞ்சள் வளையம் இருந்தா தொடக் கூடாது. வளையம் இல்லாததத்தான் வெட்டணும். நானும் அக்காவும்தான பெயிண்ட் அடிச்சோம்?"

கொடைக்கானலுக்கு மேலே, இரண்டாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் ஒரு சரிவு. எப்போதோ புல்வெளியில் நெருக்கமாக நட்ட பைன் மரங்கள், மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று. ஒவ்வொன்றிலும் தகரத்தில் எண் அடித்திருக்கிறது. சில பைன்களின் அடியில், அந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரக் கன்றுகள் தாமாக முளைத்திருந்தன. எல்லாப் பைனையும் வெட்டினால் அவை வெயிலில் கருகும். ஒன்றையும் வெட்டாவிட்டால் மேலே வராது. குடையாக நிற்கும் இருநூற்று நான்கை விட்டுவிட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். அந்த இருநூற்று நான்கு எவை என்று முடிவு செய்ய மானசாவுக்கு மூன்று வருடம் ஆனது.

நோட்டில் மேலே 'மஞ்சள்' என்று இருந்தது. கீழே எண்கள். வேறொன்றும் இல்லை. அவள் கையெழுத்து எனக்குப் பழக்கம் என்று ஆபீஸில் என்னிடம் டைப் செய்யக் கொடுத்தார்கள். பம்பாயில் எந்த மரத்தில் நோட்டீஸ் தொங்குகிறதோ அது போகப் போகிறது என்று அர்த்தம். எங்கள் தெருவில் அப்படி ஆறு மரம் போயிற்று. குறி போட்டால் வெட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பட்டியல்தான் வனத்துறை ரேஞ்சருக்கும் போயிற்று. யாரையும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

"எப்ப வெட்டுறாவ?"

"இன்னிக்கு. எட்டு மணிக்கு."

மணி எட்டு ஐம்பது.

ரேஞ்சரின் போன் அணைந்திருந்தது. மரம் வெட்டும் மேஸ்திரி பூலோகத்தின் எண்ணை அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அவரு மேல போயிட்டாரு. போனு இங்க டீக்கடையில சார்ஜ்ல கெடக்கு. யாரு நீங்க?"

"பம்பாய்லேர்ந்து பேசறேன். வெட்டறதை உடனே நிறுத்தணும். மரம் மாறிப் போச்சு."

"நான் சொன்னா நிறுத்துவாங்களா? ரேஞ்சரே வந்து பேப்பர் குடுத்துட்டுப் போயிருக்காரு. கடையில ஆளு நிக்கிது, அப்புறமாப் பேசுங்க."

மாரீஸ்வரி போனைப் பிடுங்கினாள். "அகிலாண்டம் அக்கா! வச்சிராதீய. நான் பாம்பே மாரீஸ்வரி. ஒங்க பஜ்ஜியத் தின்னுட்டு ரோடெல்லாம் வாந்தி எடுத்தவ."

"அடியே, நீயா! பஜ்ஜி மேல பழி போடாத, ஒன்பது தின்ன நீ. மானசா எங்க? ஆளையே காணோம்?"

மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"அக்கா எறந்துட்டாவக்கா. காய்ச்சல்ல."

அந்தப் பக்கம் பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது.

"அவுக குறிச்ச மரத்தத்தான் வெட்டுறாவ. அதெல்லாம் விடுற மரம்."

"அடுப்ப அணைச்சிட்டேன்," என்றாள் அகிலாண்டம். "போன எடுத்துக்கிட்டு அவருகிட்ட ஓடுறேன், வைக்காத. பாற மேல ஏறுனா டவர் கெடைக்கும்."

ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தோம். செருப்புச் சத்தம். மூச்சு. இடையிடையே ஒன்றுமில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று இரண்டு முறை குனிந்து பார்த்தேன். மாரீஸ்வரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது பதினாறுக்கு மெஷின் ரம்பம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று. அகிலாண்டம் கத்தினாள். ரம்பங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"யாருங்க?" பூலோகத்தின் குரல். "பேப்பர்ல இருக்கிறபடிதான் வெட்டுறோம்."

"பேப்பர் தப்பு," என்றேன்.

"அப்ப அந்த மானசாப் பொண்ணு தப்பாக் குறிச்சிருச்சா? நாளைக்கு எங்களக் கேப்பாங்க, நான் பதில் சொல்லணும்."

ஆமாம் என்றால் அத்தோடு முடிந்திருக்கும். அவள் வந்து மறுக்கப் போவதில்லை.

"அவ சரியாத்தான் குறிச்சா. நான்தான் தப்பா எழுதினேன். என் பேர் வெங்கி. அந்தப் பேப்பர்லயே எழுதி வச்சுக்கோங்கோ. எத்தனை விழுந்தது?"

"பத்தொம்பது. இருபதாவது பாதி அறுத்தாச்சு."

"அதை விட முடியாதா?"

"நிக்காது சார். காத்தடிச்சா எவன் தலையிலயாச்சும் விழும்."

"சரி. இறக்கிடுங்கோ."

ரம்பம் ஓடியது. ஏதோ முறிந்தது. பிறகு நீளமாக ஒரு சரசரப்பு, தரையில் மோதல். மாரீஸ்வரி காதைப் பொத்திக்கொண்டாள்.

பூலோகம் திரும்ப வந்தார். "கன்னு கொஞ்சம் நசுங்கிருச்சு. மிச்சம் நிக்கிது, ஆனா மேல ஒண்ணுமில்ல, ஒரே வெயிலு. விழுந்த ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, வளையம் இல்லாதது ஒண்ண விட்டா நெழலாகும். எத விடணும்? சொல்லுங்க, இப்பவே பெயிண்ட் அடிச்சிர்றேன்."

மாரீஸ்வரி கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். புள்ளிகள், எண்கள்.

"நீயே சொல்லேன்," என்றேன்.

"நான் பெயிண்ட் அடிச்சவ, அவ்வளவுதான். அக்கா மேக்குப் பக்கம் பாப்பாவ. மத்தியானத்துக்கு மேல வெயிலு அங்கேருந்துதான வருது? நீங்க சொல்லுங்க சார்."

முதலில் விழுந்தது நூற்றுப் பதினெட்டு என்றார் பூலோகம். அதற்கு மேற்கே வளையம் இல்லாத இரண்டு புள்ளிகள்.

"நூத்தி இருபத்தொண்ணு எப்படி இருக்கு?"

"ஒல்லிக்குச்சி. காத்துக்குத் தாங்காது."

"நூத்தி இருபத்தாறு?"

"கோணல். ஆனா கெளை நல்ல அகலம்."

"மத்தியானத்துக்கு மேல அதோட நிழல் கன்னு மேல விழுமா? நின்னு பார்த்துச் சொல்லுங்கோ."

நடக்கும் சத்தம். சருகு நொறுங்கியது. பூலோகம் யாரையோ நகரச் சொன்னார். நான் வரைபடத்தில் அந்தப் புள்ளி மேல் விரலை வைத்துக்கொண்டேன்.

"விழும் சார்."

"அப்போ அதுக்கு வளையம் போடுங்கோ," என்றேன். "அடுத்தது எங்கே விழுந்தது?"