ரெக்ஸ் தூக்கிய தொப்பி

பறவை பார்க்கிறவர்களுக்குக் குளிர் உறைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே உறைக்கும். வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் அந்த ஜனவரிக் காலை, கரைமேட்டுப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. ஹெட்லிக்குத் தன் மூக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பக்கத்தில் ரெக்ஸ் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு கையால் தேநீர் பிளாஸ்கைத் துழாவிக்கொண்டிருந்தார்.

இருவரும் ஓய்வுபெற்ற தபால்காரர்கள். பொண்டாட்டியோடு பேசியதைவிட இந்தக் கரைமேட்டில் ஒருவரோடொருவர் பேசாமல் நின்ற நேரம்தான் அதிகம். அன்று வந்தது ஒரே ஒரு பறவைக்காக. சைபீரியாவிலிருந்து வரும் கருவாத்துக் கூட்டத்தோடு வழி தவறி வந்துவிட்ட செந்நெஞ்சு வாத்து. ரெக்ஸ் வாழ்நாளில் அதைப் பார்த்ததில்லை. ஒரு குளிர்காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஹெட்லி மட்டும் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லியே நண்பனை வறுத்தெடுத்தார்.

“சதுப்புல தெரியுதே, அந்தச் சின்ன மேட்டுக்குப் பின்னாடி இறங்கிருச்சு. இங்கேயே நின்னா வால்கூடத் தெரியாது,” என்றார் ரெக்ஸ்.

“அப்ப வழக்கம்போல நான் சொல்றதைக் கேட்டுக்கோ. நெஞ்சு இருக்கே, அப்படியே...”

“வாயை மூடுடா. தண்ணி எப்ப ஏறும்?”

“நேரம் இருக்கு. நீ ஊர்ந்து போனாக்கூடத் திரும்பி வந்துரலாம்.”

கடல் ஏற்ற இறக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வது எப்போதும் ஹெட்லியின் பொறுப்பு. ராத்திரியெல்லாம் வடக்குக் காற்று வீசியிருந்தது. அப்படி வீசினால் தண்ணீர் முந்திக்கொண்டு வரும், உயரமாகவும் வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த விஷயம் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரவில்லை. முட்டிவலி என்று அவர் கரைமேட்டிலேயே நின்றுகொள்ள, ரெக்ஸ் தனியாகச் சதுப்புக்குள் இறங்கினார்.

சதுப்பில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு சத்தம் போதும், மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். அதனால் இருவருக்கும் ஒரு சைகை இருந்தது. தொப்பியைத் தூக்கினால் பறவை கிடைத்துவிட்டது. எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

வெகுதூரத்தில் ரெக்ஸின் தொப்பி மேலே போனது. இடப்பக்கம் ஆடியது. ஹெட்லி தொலைநோக்கியை இடப்பக்கம் திருப்பினார். மேய்ந்தபடியே கருவாத்துகள் மேடேறி வந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே அது, செங்கல் நிற நெஞ்சோடு. ஹெட்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நண்பனுக்காகவும் சேர்த்து. கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஓரக்கண்ணில் தொப்பி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துட்டேன்டா, போதும் இறக்கு, என்று முணுமுணுத்துக்கொண்டார். முதல் தடவை அது வாத்துக்காக ஆடியதா, தண்ணீருக்காக ஆடியதா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. காற்றில் பாதி கரைந்துபோன ஒரு மனிதக் கத்தல். கூட்டம் முழுவதும் ஒரே இரைச்சலாக எழும்பிக் கடல் பக்கம் போனது. ஹெட்லிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாசமாப் போறவனே, கெடுத்துட்டியே என்று வாய்விட்டே திட்டினார். திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. ரெக்ஸ் சதுப்பில் ஒருநாளும் கத்தியதில்லை.

தொலைநோக்கியைத் திருப்பினார். ரெக்ஸ் ஓர் ஓடையின் சேற்றில் இடுப்புவரை புதைந்திருந்தார். ஓடை நிரம்பிக்கொண்டிருந்தது. ஹெட்லி மேட்டிலிருந்து விழுந்தடித்து இறங்கினார். முதல் ஓடையிலேயே தண்ணீர் நெஞ்சுக்கு வந்து இழுத்தது. மூச்சு நின்றுவிடும்போல் குளிர். எப்படியோ கரையேறி, மேட்டில் பையிலேயே விட்டிருந்த கைபேசியை எடுத்து, விறைத்த விரலால் மீட்புப் படகுக்காரர்களை அழைத்தார். இடம் சொன்னார், கெஞ்சினார். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல், தன் வாழ்க்கையெல்லாம் எதைச் செய்தாரோ அதையே செய்தார். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிவரை பார்த்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு மீட்புக்காரர்கள் ரெக்ஸை எடுத்து வந்தார்கள்.

சாயங்காலம் ரெக்ஸின் மனைவி ஐவி சமையலறையில் ஹெட்லிக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தாள். யாரோ கொடுத்த காய்ந்த சட்டையில் ஹெட்லி உட்கார்ந்திருந்தார். தொப்பியைப் பற்றி அவள் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். இப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“வாயத் திறந்து கூப்பிடவே இல்லையா அவரு?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கத்தலைக் கேட்டவர்கள் வேறு யாருமில்லை.

“கூப்பிட்டான் ஐவி. வாத்து பறந்துருச்சேன்னு நான் அவனைத் திட்டினேன்.”

ஐவி எழுந்தாள். அவர் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். அவர் அதை இன்னும் குடிக்கத் தொடங்கியிருக்கவில்லை.