கேட்டு வாங்கினால் தழைக்காது

சிங்கப்பூர் வீடுகளில் வளரும் கறிவேப்பிலையில் எத்தனை வகை என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பது இளமதியின் ஆய்வு. ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி இலை பறித்து வந்தாள். முடிவு வந்தது. அத்தனையும் ஒரே செடியாம்! விதையில் முளைத்த செடிகள் அப்படி அச்சு அசலாக இருக்காது.

"ஒரே இலையை எல்லா டியூப்லயும் போட்டுட்ட லா," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் ரகுபதி. "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லன்னா ப்ராஜெக்ட் வேற ஆளுக்குப் போயிடும்."

இளமதியா டியூபை மாற்றிப் போடுவாள்? மூடியில் பெயர் எழுதி, நம்பிக்கையில்லாமல் பக்கவாட்டிலும் எழுதுகிற ரகம் அவள். ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஒரே செடியின் வேர்க்கன்றுகளைப் பிடுங்கி எல்லோரும் நட்டிருந்தால் மரபணு மாறாது. அதை யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அன்று மாலையே புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போனாள். அங்கே குடியிருப்பவர்களின் அரட்டை களைகட்டியிருந்தது. கறிவேப்பிலைச் செடி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

"நான் தேக்கா சந்தையில வாங்கினேன்," என்றார் மருதப்பன், முன்னாள் பேருந்து ஓட்டுநர். மற்றவர்களும் அதையே பாடினார்கள். புளோக்குக்குப் பக்கத்தில் புதர் மாதிரி கறிவேப்பிலை வளர்க்கும் பாக்கியலட்சுமி மட்டும் குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

இளமதி மருதப்பனிடம் திரும்பினாள். "அங்கிள், நான் இலையை மாத்திப் போட்டுட்டேன்னு சொல்றாங்க. என் வேலையே போயிடும்."

மருதப்பன் தலையைச் சொறிந்தார். செருப்பைப் பார்த்தார். பிறகு போட்டு உடைத்தார்.

"பாக்கியம், உன் புதர்லேருந்துதான் கன்னு புடுங்கினேன். கேட்டு வாங்கினா தழைக்காது, திருடி வச்சாத்தான் தழைக்கும்னு சொல்வாங்கல்ல?"

அவ்வளவுதான், மடை திறந்தது. "நானும்!" "நானுந்தான்!" என்று திருடர்கள் வரிசையாகக் கை தூக்கினார்கள்.

இளமதி துள்ளிக் குதித்தாள். அங்கேயே ரகுபதிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பு சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. "ப்ராஜெக்ட் உன்னோடதுதான்மா. அடுத்த தடவை வேற புளோக்குக்குப் போ."

சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மருதப்பன் முகம் மட்டும் தெளியவில்லை.

"கோபமா பாக்கியம்?"

"எதுக்குண்ணே? நீங்க புடுங்கினதை ஜன்னல்லேருந்து பார்த்தேன். மண்ணு இறுகிக் கிடந்து ரொம்பக் கஷ்டப்பட்டீங்க. அதுலேருந்து தினம் சாயங்காலம் தண்ணி ஊத்தி ஊற வச்சுடுறேன். வர்றவங்களுக்கு வேரோட வரணுமில்ல?"